காஸ்ரிக் குளிசை கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கும் பாமசி

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தருமபுரத்துக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இந்தப் பாமசி இருக்கிறது. பலசரக்குக் கடை ஒன்றுக்கும் சைக்கிள் திருத்தும் கொட்டிலுக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு அறை. பெயர்ப்பலகையும் சின்னது. விளம்பரம் மாதிரி ஆகிவிடும், பெயர் வேண்டாம் என்று கடையை நடத்தும் மருந்தாளர் தங்கச்சி கேட்டுக்கொண்டதால் பெயரை விடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாமசியை நல்லது என்று சொல்வதற்கு மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும், கெதியாகத் தர வேண்டும். கெதியில் இந்தக் கடை பின்னுக்குத்தான். ஓட்டோவை வாசலில் நிற்பாட்டிவிட்டு "தங்கச்சி, காஸ்ரிக் குளிசை ரெண்டு காட்" என்று கேட்கிறவரிடம், "யாருக்கு அண்ணை? எவ்வளவு காலமாப் போடுறியள்? யார் எழுதித் தந்தது? வேற என்ன மருந்து எடுக்கிறியள்?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நான் இந்தக் கடைக்கு முழுப் புள்ளியும் கொடுப்பது இந்தக் கேள்விகளுக்காகத்தான். அம்மாவின் கால் விறைப்புக்கு உண்மையான காரணம் தெரிய வந்தது இவற்றில் ஒன்றால்.

அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவுக்கு மெட்போர்மின், பிரஷருக்கு ஒரு குளிசை, இவற்றோடு ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் கப்சூல். இந்தக் கப்சூல் நெஞ்செரிவுக்கென்று எப்போதோ சில கிழமைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்தக் கிழமைகள் முடிந்தன, டொக்டர் எழுதிய துண்டும் தொலைந்தது, கப்சூல் மட்டும் நிற்கவில்லை. வெறுங்காட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்கள். இப்படியே வருடக்கணக்காகப் போனது.

அந்தக் காலத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தார். முற்றம் கூட்டிவிட்டு வந்தாலே களைத்துப்போய்த் திண்ணையில் இருந்துவிடுவார். நாக்கு வழுவழுவென்று சிவந்து போய், உறைப்புப் பட்டால் எரியும். பாதத்தில் எறும்பு ஊர்வதாகச் சொல்வார். பிறகு அதுவும் போய், செருப்புக் கழன்றாலும் தெரியாத நிலை. வயசு என்றார்கள், சலரோகம் என்றார்கள். இரண்டும் பொய்யான காரணம் இல்லை என்பதால் யாரும் மேலே தேடவில்லை. சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்ளும். "சாப்பாடு நெஞ்சுக்கையே நிக்குது பிள்ளை" என்று சொல்லி, அதற்கும் இன்னொரு கப்சூல் போடுவார்.

இந்தக் கடையில் அம்மாவும் நானும் போய் நின்றபோது அந்தத் தங்கச்சி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எவ்வளவு காலம் என்பதற்கு அம்மா சொன்ன பதிலைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, மச்சம் சாப்பிடுறனீங்களோ?" அம்மா மச்சம் விட்டுக் கனகாலம். "கால் விறைக்குதோ?" விறைக்குது. "நாக்கைக் காட்டுங்கோ." காட்டினார். அவள் நோய்க்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை. அது தன்னுடைய வேலை இல்லை என்றாள். ஒரு கிழமைக்கு மட்டும் கப்சூல் தந்து, அம்மா குடிக்கும் மருந்துகளை எல்லாம், ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் என்பதோடு, ஒரு தாளில் எழுதினாள். "பி12 பார்க்கலாமோ என்று டொக்டரைக் கேட்கவும்" என்று கடைசி வரியில் இருந்தது. இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய ஒரு விற்றமின் அது. அந்தத் தாளுக்கு அவள் காசு வாங்கவில்லை.

ஒமெப்ரசோல் 1988இல் விற்பனைக்கு வந்த மருந்து. வயிற்றுச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்பு போன்ற புரதத்தைப் பிடித்து நிற்பாட்டிவிடும். புண்ணுக்கும் நெஞ்செரிவுக்கும் அதைப்போல வேலை செய்யும் மருந்துகள் முன்பு இல்லை. அதனால் இது கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துவிட வேண்டாம். பிரச்சினை, அமிலம் எதற்காக இருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிடுவதில்தான் வருகிறது. வெறும் வயிற்றில் அமிலத்தின் பிஎச் அளவு ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை இருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அந்தக் கடுமை இருந்தால்தான் பெப்சின் என்ற நொதி உருவாகி இறைச்சி, மீன், பருப்பின் புரதத்தை உடைக்கத் தொடங்கும். அந்தக் கடுமை இருந்தால்தான் உணவோடு ஒட்டியிருக்கும் பி12 விற்றமின் பிரிந்து வெளியே வரும். பிரிந்த பி12ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சுவதற்கு இன்னொரு புரதம் துணைக்குப் போக வேண்டும். அமிலத்தைச் சுரக்கும் அதே உயிரணுக்கள்தான் அந்தத் துணைப் புரதத்தையும் சுரக்கின்றன. குளிசையால் அமிலம் குறைந்தால் முதல் வேலை தடைப்படும். அந்த உயிரணுக்களே அழிந்து போனால் இரண்டும் இல்லை.

கல்லீரலில் பி12 சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேர்ந்திருக்கும். ஆகையால் வரவு நின்றாலும் உடனே ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு மூன்று பக்கத்தாலும் வரவு குறைந்திருந்தது: பி12 கூடுதலாக இருக்கும் மச்சம் இல்லை, கப்சூல், அதற்கு மேல் மெட்போர்மின். சலரோகத்துக்குக் கொடுக்கும் மெட்போர்மினை நீண்டகாலம் எடுத்தாலும் பி12 குறையும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் பக்கத்தில் மெட்போர்மினும் காஸ்ரிக் கப்சூலும் ஒன்றாக எடுக்கும் அம்மாமார் எத்தனை பேர் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. இந்த ஒரு பந்திக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கிளினிக்கில் டொக்டர் அந்தத் தாளை முழுதாக வாசித்தார். இரத்தப் பரிசோதனையில் இரும்பும் குறைவு. பி12 பரிசோதனையை வெளியே ஆய்வுகூடத்தில் கொடுத்துச் செய்தோம், அதுவும் நன்றாகக் குறைந்திருந்தது. பி12 குறைந்தால் சிவப்பணு அளவில் பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும், இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியலாம் என்று அவர் விளங்கப்படுத்தினார். முந்தைய அறிக்கைகளில் அது யார் கண்ணிலும் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இரத்தச்சோகைக்குக் கொடுக்கும் போலிக் அமிலக் குளிசை மட்டும் கொடுத்திருந்தால் இரத்தம் ஏறியிருக்கும், நரம்பு உள்ளுக்குள் தொடர்ந்து கெட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னார். பி12 ஊசி தொடங்கினார்கள்.

கப்சூலை அன்றைக்கே நிற்பாட்டட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், படிப்படியாகக் குறையுங்கள் என்றார் டொக்டர். அது ஏன் என்பதை விளக்கமாகச் சொன்னது பாமசித் தங்கச்சிதான். அமிலத்தை நீண்டகாலம் அடக்கி வைத்தால் வயிறு அதைச் சுரக்கச் சொல்லும் ஹோர்மோனைக் கூட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று மருந்தை விட்டால் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகச் சுரக்கும். டென்மார்க்கில் செய்து 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நெஞ்செரிவே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு இந்த வகை மருந்தை எட்டுக் கிழமை கொடுத்து நிற்பாட்டியிருக்கிறார்கள். பிறகு வந்த கிழமைகளில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிவு, புளித்த ஏப்பம் போன்றவை வந்திருக்கின்றன. மருந்தே இல்லாத வெறுங்குளிசை எடுத்த மற்றப் பாதியில் 15 சதவீதம்தான். வருத்தம் இல்லாதவருக்கே மருந்தை விட்டதும் வருத்தம் வருகிறது என்றால், "விட்டுப் பார்த்தன், உடனே எரியுது, எனக்கு இது இல்லாமல் ஏலாது" என்று சொல்லும் எங்கள் ஆட்களை யோசித்துப் பாருங்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, எரிவு வரும் நேரத்துக்கு மட்டும் அமிலத்தைத் தணிக்கும் பாணி கொடுத்துச் சமாளித்தோம். அந்தக் கிழமைகளில் அம்மா ஒவ்வொரு முறை முகம் சுளிக்கும்போதும் நான் கடைக்குப் போய் நிற்பேன். அவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வயிற்றுக்குள் கமரா போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் தங்கச்சி ஒன்றை நினைவுபடுத்தினாள்: ஹெலிக்கோபக்டர் என்ற வயிற்றுக் கிருமியைத் தேடுவதாக இருந்தால், இந்தக் கப்சூலைக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே நிற்பாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம், ஆகவே கப்சூல் எடுத்த கதையை அங்கேயும் சொல்லுங்கள். சொன்னோம். கிருமி இருந்தது. வயிற்றுச் சுவர் ஓரளவு மெலிந்தும் இருந்தது. இந்தக் கிருமி வயிற்றில் பல வருடம் இருந்தால் அமிலம் சுரக்கும் உயிரணுக்களை மெல்ல அழிக்கக்கூடியது, அப்படி மெலிந்த வயிற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். இந்தக் கிருமியைத்தான் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல் 1984இல் தானே குடித்து வருத்தம் வரவழைத்துக் காட்டினார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமிக்கான சிகிச்சையில் அன்ரிபயோட்டிக்கோடு ஒமெப்ரசோலும் இருந்தது! அம்மா பயந்துபோனார். "அது இந்த 14 நாளுக்கு மட்டும் அம்மா. அன்ரிபயோட்டிக் நல்லா வேலை செய்யிறதுக்கு அது வேணும். இந்தமுறை முடிவுநாள் துண்டிலயே இருக்கு, பாருங்கோ" என்று காட்டி, பைக்கற்றின்மேல் அந்தத் திகதியைக் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தாள். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் குடிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அத்தனை வருடமும் சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

என் அண்ணாவின் கதை வேறு. 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்தால் நடக்க முடியாமல் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். குளிர் நாட்களில் வலி தாங்காது. டைக்குளோபெனாக் என்ற வலிக் குளிசை இல்லாமல் அவரால் வயலுக்கு இறங்க முடியாது, அதோடு ஒமெப்ரசோலும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு அவர் தன்னுடைய கப்சூலையும் தூக்கி எறியப் போனார். தங்கச்சி விடவில்லை. "அண்ணை, உங்களுக்கு இது காவல். வலிக் குளிசை வயித்துச் சுவரை அரிக்கும், புண் வந்து இரத்தம் போனா உயிருக்கே ஆபத்து. வலிக் குளிசையைக் குறைக்கலாமோ, கிட்னி எப்படி இருக்கு எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ. அதுவரைக்கும் இதை விடாதையுங்கோ." ஒரே வீட்டில், ஒரே கப்சூல், அம்மாவுக்கு ஒரு பதில், அண்ணாவுக்கு நேர்மாறான பதில். உடம்பில் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் வன்னியில், ஒருவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லாத ஒரு மருந்தாளர் எங்களுக்கு மிகவும் தேவை. இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் எடுப்பவர்களுக்கும், முன்பு புண்ணில் இரத்தம் போனவர்களுக்கும் இதேதான். தாங்களாக நிற்பாட்டக் கூடாது.

அப்பிள் சைடர் வினிகர் கேட்டு வந்த ஒரு அக்காவுக்கும் அவள் நேரம் ஒதுக்கியதை நின்று பார்த்தேன். அந்த அக்கா யூடியூப்பில் பார்த்து அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, ஏப்பம் வர நேரமெடுத்ததால் தனக்கு அமிலம் குறைவு என்று முடிவு கட்டியிருந்தார். ஏப்பம் எவ்வளவு காற்றை விழுங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்பதையெல்லாம் பொறுத்தது, அதை வைத்து அமிலத்தை அளக்க முடியாது என்றாள். புண் இருந்தால் வினிகர் இன்னும் எரிக்கும் என்றாள். விற்றிருந்தால் நல்ல லாபம் வந்திருக்கும். அமிலம் கூடினாலும் குறைந்தாலும் வயிறு ஊதும், ஏப்பம் வரும், சாப்பாடு சமிக்காத மாதிரி இருக்கும். அறிகுறியை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் கடையை நான் வேறெங்கும் காணவில்லை.

சின்னச் சின்ன ஆலோசனைகளும் உண்டு. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காதையுங்கள், தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள் என்பாள். தாவர உணவிலும் குளிசையிலும் உள்ள இரும்பு கரைவதற்குப் புளிப்பு உதவும், அமிலம் குறைந்தவருக்கு அது இன்னும் முக்கியம். அம்மா படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் போட்ட கல்சியம் காபனேற்றைச் சாப்பாட்டோடு மாற்றிவிட்டாள், அதற்கும் அமிலம் வேண்டும் என்பதால். தைரொயிட் குளிசை எடுப்பவர்களிடம், காஸ்ரிக் மருந்து புதிதாகத் தொடங்கினால் டொக்டருக்குச் சொல்லுங்கள் என்பாள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த வகை மருந்துகளை நீண்டகாலம் எடுப்பது பற்றி 2010இல் எலும்பு முறிவையும், 2011இல் மக்னீசியம் குறைவதையும், 2012இல் ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கையும் குறித்து எச்சரித்திருக்கிறது. இவற்றை அவள் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

மாரி காலத்தில் எங்களுக்கு வெள்ளம் புதிதில்லை. குளங்கள் வான் பாயும், கிணறும் மலகூடக் குழியும் ஒன்றாகும். அப்போது வயிற்றோட்டத்துக்கு ஜீவனி வாங்க வருகிறவர்களிடமும் காஸ்ரிக் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்பாள். உணவோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்வது வயிற்று அமிலம்தான். சல்மொனெல்லா, வாந்திபேதிக் கிருமி போன்றவை அமிலம் குறைந்த வயிற்றில் குறைந்த எண்ணிக்கையில் போனாலே நோயாக்கிவிடும். அதனால் இந்த மருந்து எடுப்பவர்கள் கொதித்தாறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை என்பாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடையில் தனியாகக் கதைக்க ஒரு மூலைகூட இல்லை. இத்தனை கேள்வி கேட்கும் கடையில் அது பெரிய குறை. அம்மாவின் மலம் என்ன நிறம் என்பதை வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். பெண்கள் தங்கள் வருத்தத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போவதையும் கண்டிருக்கிறேன். ஒரு திரைச்சீலையும் இரண்டு கதிரையும் போட்டால் போதும். வயதானவர்கள் இருக்க வாங்கு இல்லை. பி12 குளிசை அடிக்கடி முடிந்துவிடும், சொல்லி வைத்தால்தான் எடுத்து வைப்பாள். அவள் விடுமுறையில் போனால் கடை பூட்டுத்தான். வேறொருவரை நிற்பாட்டி விற்கச் சம்மதிக்க மாட்டாள். அலைச்சல் எங்களுக்குத்தான், ஆனால் அவள் செய்வது சரி என்றே நினைக்கிறேன். விலை பெட்டியில் அச்சடித்ததுதான், கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

அம்மா இப்போது முற்றம் கூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். நாக்கு ஆறிவிட்டது, சாப்பாடும் நெஞ்சில் நிற்பதில்லை. பாத விறைப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு பழுதாகிக் கனகாலமானால் எல்லாம் திரும்பாது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். மச்சம் சாப்பிட அவருக்கு மனமில்லை, நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. ஊசி தொடர்கிறது, பாலும் தயிரும் கூட்டியிருக்கிறோம்.

போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மருந்துகளை எல்லாம், பழைய துண்டுகளோடு, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பின்னேரம் பாடசாலையும் வேலையும் விட்டதும் சனம் கூடிவிடும், காலையில் கடை திறந்த கையோடு போனால் ஆறுதலாகக் கதைக்கலாம். ஞாயிறு பூட்டு. மலம் கறுத்துப் போனாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ இங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவளும் உங்களை அங்கேதான் அனுப்புவாள்.